தோப்பு ஏன் வளைந்தது? (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் நண்பர்களும் 28 மில்லிமீட்டர் அளவுள்ள பொம்மை வீரர்களை வைத்து மேசைமேல் போர் விளையாட்டு ஆடுகிறோம். இதுவரை துணியை விரித்து அதன்மேல் ஆடினோம். இப்போது குன்று, தோப்பு, இடிந்த வீடு என்று நிலப்பரப்புத் துண்டுகளை நாங்களே செய்யத் தொடங்கியிருக்கிறோம். தடித்த அட்டையின்மேல் பசை தடவி மணல் தூவிச் செய்த முதல் தோப்பின் ஓரங்கள், மறுநாள் பார்த்தபோது மேசையை விட்டு மேலே எழும்பி நின்றன. எம்.டி.எஃப். பலகையைத் தவிர வேறெதையும் தொடாதே என்கிறார் ஒரு நண்பர். அதெல்லாம் வீண் எடை, ஃபோம் போதும் என்கிறார் இன்னொருவர். எதை அடித்தளமாகக் கொள்வது, எவ்வளவு கனத்தில்?

அன்புடன்,
ஆர்.

அன்புள்ள ஆர்.,

உங்கள் நண்பர்களில் ஒருவர் உறுதியைப் பற்றிக் கவலைப்படுகிறார், மற்றவர் எடையைப் பற்றி. தோப்பைக் கெடுத்தது இவ்விரண்டும் அல்ல, தண்ணீர்தான். ஆகவே எந்தப் பொருளை எடுத்தாலும், அதன் ஒரு பக்கத்தில் மட்டும் ஈரம் பட்டு உலர்ந்தால் அது என்ன ஆகும் என்பதையே முதலில் கேட்கவேண்டும்.

வெள்ளைப் பசையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். அதை அட்டையின் மேல்பக்கத்தில் தடவியதும் அங்குள்ள நார்கள் நீரை உறிஞ்சி உப்புகின்றன. அப்போது அட்டை நடுவில் சற்றே மேடிட்டு, ஓரங்கள் கீழ்நோக்கி வளையும். கவனித்துப் பார்த்தால் பசை ஈரமாக இருக்கும்போதே இது கண்ணுக்குத் தெரியும். பிறகு நீர் வெளியேற வெளியேறப் பசை சுருங்கி, மணலையும் பிணைத்துக்கொண்டு ஒரே தோலாக இறுகுகிறது. அந்தத் தோல் மேல்பரப்பை எல்லாத் திசையிலிருந்தும் நடுவை நோக்கி இழுக்கிறது. கீழ்ப்பரப்புக்கோ எந்த மாற்றமும் இல்லாததால் ஓரங்கள் காய்ந்த சருகைப்போல மேலே சுருண்டுவிடுகின்றன. அதன்மேல் நீர்கலந்த வண்ணத்தைப் பூசினால் இதே கதை இன்னொரு முறை நடக்கும்.

இதைத் தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. மேலே எதைப் பூசுகிறீர்களோ, அதற்கு ஈடாகக் கீழ்ப்பக்கத்திலும் ஒரு பூச்சு கொடுத்துவிட்டால் இரு பக்கத்து இழுப்பும் ஒன்றையொன்று சமன்செய்துகொள்ளும். அல்லது வேலையைத் தொடங்குமுன்பே பலகை முழுவதற்கும் வார்னிஷ் அடித்து, நீர் உள்ளே போகும் வழியை அடைத்துவிடலாம். பலரும் இந்த இரண்டையும் செய்யாமல், வளைந்தபின் கனமான பலகையை வாங்கி வருகிறார்கள்.

முதல் நண்பர் சொல்லும் எம்.டி.எஃப்., கையகலம் முதல் ஓரடி வரையிலான துண்டுகளுக்கு நல்ல தேர்வுதான். மரநாரைப் பிசினோடு சேர்த்து அழுத்திச் செய்த பலகை என்பதால், மரத்தைப்போல இழையோட்டம் பார்த்து ஒரு திசையில் மட்டும் வளையாது. அறுத்த ஓரம் பிசிறில்லாமல் வரும். அதன் பலவீனமும் அந்த ஓரத்தில்தான் இருக்கிறது. வழவழப்பான மேல்பரப்பு ஓரளவு நீரைத் தாங்கும், ஆனால் அறுத்து, சரிவாக இழைத்த விளிம்பில் உட்புற நார் திறந்து கிடப்பதால் அது நீரை இழுத்து உப்பிவிடும். விளிம்புக்கு இரண்டு முறையாவது வார்னிஷ் அடியுங்கள். அறுக்கும்போதும் தேய்க்கும்போதும் எழும் தூசு மிக நுண்ணியது, அதில் ஃபார்மால்டிஹைடு பிசினும் கலந்திருக்கும். ஆகவே முகக்கவசம் அணிந்து, திறந்த வெளியில் செய்வதே முறை. ஹார்ட்போர்டும் ஏறக்குறைய இதே குணம் கொண்டது. அதன் வழவழப்பான பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால்தான் பசை பிடிக்கும். மெல்லிய பிளைவுட்டை நான் பரிந்துரைப்பதில்லை. வாங்கும்போதே முறுக்கிக்கொண்டிருக்கும் துண்டுகளே அதிகம்.

தோப்பு, குளம், வேலி போன்ற தட்டையான துண்டுகளுக்கு என் விருப்பம் 3 மில்லிமீட்டர் ஃபோம் பி.வி.சி. தகடு, அதாவது உள்ளே நுண்குமிழ்கள் நிறைந்த பிளாஸ்டிக் தகடு. அது நீரை உறிஞ்சுவதே இல்லை, கட்டர் கத்தியால் வெட்டலாம், அதே கத்தியால் விளிம்பையும் சீவிவிடலாம். அந்த உறிஞ்சாத குணத்தாலேயே வெள்ளைப் பசை அதில் சரியாகப் பற்றாது என்பதால், இதையும் உப்புத்தாளால் நன்கு தேய்த்துவிட்டுத்தான் தொடங்கவேண்டும். சூடான கம்பியால் மட்டும் இதை வெட்டாதீர்கள், பி.வி.சி. கருகினால் ஹைட்ரஜன் குளோரைடு வெளிவரும்.

இரண்டாம் நண்பரின் ஃபோம் பற்றி. தெர்மாகோல் மணிமணியாக உதிரும். எக்ஸ்ட்ரூடட் பாலிஸ்டைரீன் எனப்படும் அடர்ந்த பலகை உதிராது, நீரையும் ஏறக்குறைய உறிஞ்சாது. குன்றின் உடலை அதில் செதுக்குவதைவிடச் சுலபமான வழி இல்லை. ஆனால் உடல் வேறு, அடித்தளம் வேறு. மெல்லிய ஃபோம் நீரை உறிஞ்சாவிட்டாலும், மேலே இறுகும் பசைத்தோலை எதிர்த்து நிற்கும் விறைப்பு அதற்குக் கிடையாது. விளிம்போ விரல் பட்டாலே நசுங்கும். எனவே குன்றை ஃபோமில் செதுக்கி, அதை மெல்லிய பலகையின்மேல் ஒட்டுங்கள். இன்னொன்று, சாதாரண ஸ்பிரே வண்ணத்தில் உள்ள கரைப்பான் பாலிஸ்டைரீனைக் கரைத்துக் குழி விழச்செய்யும். முதலில் நீர்கலந்த வண்ணத்தாலோ பசையாலோ இடைவெளியின்றி மூடிவிட்டே ஸ்பிரேயைத் தொடவேண்டும். இருபுறமும் காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு உங்கள் அட்டையின் உறவினர்தான். அந்தக் காகிதம் அப்படியே வளையும்.

கனத்தைப் பலரும் பலகையின் வலிமையை வைத்துத்தான் முடிவுசெய்கிறார்கள். வீரனின் காலை வைத்து முடிவுசெய்யுங்கள் என்பேன். 28 மில்லிமீட்டர் பொம்மை, உண்மை மனிதனில் ஏறத்தாழ 56-இல் ஒரு பங்கு. அப்படியானால் 3 மில்லிமீட்டர் பலகையின் விளிம்பு அவனுக்கு 17 சென்டிமீட்டர் உயரம், அதாவது ஒரு படிக்கட்டு. 6 மில்லிமீட்டர் என்றால் 34 சென்டிமீட்டர். தோப்புக்குள் நுழைய அவன் திண்ணை ஏறவேண்டும். பொம்மையின் அளவு 6 மில்லிமீட்டராக இருந்தால் அதே 3 மில்லிமீட்டர் பலகை இடுப்பளவுச் சுவர் ஆகிவிடும் என்பதால், அங்கே 1 மில்லிமீட்டர் ஸ்டைரீன் பிளாஸ்டிக் தகடுதான் பொருந்தும். உங்கள் அளவுக்கு 3 மில்லிமீட்டர் போதும், விளிம்பை மட்டும் 10 மில்லிமீட்டர் அகலத்துக்குச் சரித்துவிடுங்கள். அந்தச் சரிவில் மணலும் புல்லும் ஏறியபிறகு மேசைத்துணிக்கும் துண்டுக்கும் இடையிலான கோடு பெரும்பாலும் மறைந்துபோகும். இடிந்த வீட்டுக்கு இன்னொரு கணக்கு உண்டு: சுவருக்கு வெளியே பொம்மையின் வட்டத்தளம் முழுதாக நிற்கும் அகலத்துக்கு, 25 மில்லிமீட்டர் அல்லது சற்றுக் கூடுதலாக, அடித்தளத்தை நீட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் சுவரோரம் பதுங்கும் வீரன் பாதி விளிம்பிலும் பாதி துணியிலுமாகச் சாய்ந்து நிற்பான்.

பிற்காலத்தில் துணியை விட்டுவிட்டு, மேசை முழுவதையும் 60 சென்டிமீட்டர் சதுரப் பலகைகளாகச் செய்ய நினைத்தால் இரண்டாம் நண்பர் சொல்வதைக் கேளுங்கள். 6 மில்லிமீட்டர் எம்.டி.எஃப். அந்த அளவில் ஒன்றரைக் கிலோவைத் தாண்டும், வளையாதிருக்க அடியில் மரச்சட்டமும் வேண்டும்; 180-க்கு 120 சென்டிமீட்டர் மேசைக்கு இப்படி ஆறு பலகைகள். 5 சென்டிமீட்டர் கனமுள்ள அடர்ஃபோம் அதில் பாதி எடைகூட வராது, அந்தக் கனத்தில் எளிதில் வளையாது, ஆற்றையும் பள்ளத்தையும் அதிலேயே தோண்டலாம். ஓரங்களை மட்டும் மெல்லிய மரப்பட்டியால் காத்துக்கொண்டால் போதும்.

வளைந்த தோப்பைத் தூக்கி எறியவேண்டாம். மரங்களைக் கழற்றிவிட்டு, அட்டையின் அடிப்பக்கம் முழுவதும் பசையைத் தடவி, பிளாஸ்டிக் தாள்மேல் வைத்து, உலரும்வரை மேலே எடை ஏற்றுங்கள். வளைவு பெருமளவு இறங்கியதும், நீர் கலக்காத காண்டாக்ட் பசையால் அதை 3 மில்லிமீட்டர் தகட்டின்மேல் ஒட்டலாம். அட்டையின் கனமும் சேர்வதால், சரிவை அதற்கேற்ப இன்னும் சற்று அகலமாகச் சீவுங்கள்.