ஒரு மென்பொருளின் ஸ்கின்னை வேறொரு கோப்பு வடிவத்துக்கு மாற்றி வெளியிட்டால் உரிமை மீறல் ஆகுமா?

விண்டோஸ் எக்ஸ்பிக்காக யாரோ வரைந்த பழைய டெஸ்க்டாப் தோற்றம் ஒன்றை வேறொரு மென்பொருளின் கோப்பு வடிவத்துக்கு மாற்றி இணையத்தில் இடலாமா, அந்த வடிவத்தை உருவாக்கிய நிறுவனம் "இது எங்கள் காப்புரிமை" என்று தடுக்க முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வழக்கறிஞர் அல்லன். ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகப் பொழுதுபோக்காக ஸ்கின் வரைபவன், இதே சண்டையில் இரு பக்கமும் நின்றவன். (தீம் என்ற சொல்லோடு இரண்டாம் வேற்றுமை உருபைச் சேர்த்தால் "தீமை" ஆகிவிடுவதால் ஸ்கின் என்றே எழுதுகிறேன். ஒரு மென்பொருளின் தோற்றத்தை மாற்றும் படத் தொகுப்புதான் ஸ்கின்.)

முதலில் ஒரு சொல்லைத் திருத்திக்கொள்வோம். நீங்கள் கேட்பது பதிப்புரிமை பற்றி, அதாவது ஒரு படைப்பின் மீது அதை உருவாக்கியவருக்கு உள்ள உரிமை பற்றி. காப்புரிமை (பேட்டன்ட்) என்பது கண்டுபிடிப்புகளுக்கு அரசு பதிவு செய்து தருவது. இங்கே இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று. ஏனென்றால் ஒரு கோப்பு வடிவத்தின் மீது ஒருவர் உண்மையாகவே பிடி வைத்திருந்தால், அது பெரும்பாலும் காப்புரிமை வழியாக வந்ததாகவே இருக்கும். ஜிஃப் படங்களைச் சுருக்கப் பயன்பட்ட எல்இசட்டபிள்யூ முறைக்கு யூனிசிஸ் நிறுவனம் காப்புரிமை வைத்திருந்ததும், 1994 இறுதியில் அதற்குக் கட்டணம் கேட்கத் தொடங்கியதும், அந்தக் கோபத்தில் பிஎன்ஜி வடிவம் பிறந்ததும், அமெரிக்காவில் 2003 ஜூனில் அந்தக் காப்புரிமை காலாவதியானதும் பலருக்கு நினைவிருக்கும்.

இனி ஸ்கின்னைப் பிரித்துப் பார்ப்போம். எக்ஸ்பியின் ஸ்கின்னைத் தாங்கும் எம்எஸ்ஸ்டைல்ஸ் கோப்பு பார்ப்பதற்கு மர்மமாகத் தெரிந்தாலும், உள்ளே இருப்பவை பிட்மேப் படங்களும், எந்தப் படத்தை எங்கே எவ்வளவு விளிம்பு விட்டு இழுக்க வேண்டும் என்று சொல்லும் எளிய உரையும்தான். விண்டோஸின் தோற்றத்தை மாற்றும் மென்பொருளான விண்டோபிளைண்ட்ஸின் யுஐஎஸ் கோப்பும் அதே வேலையைத் தன் பாணியில் செய்கிறது. வினாம்ப் என்ற இசைப்பானின் ஸ்கின் இன்னும் வெளிப்படையானது. டபிள்யூஎஸ்இசட் என்று பெயர் மாற்றிய ஜிப் கோப்பு அது, திறந்தால் உள்ளே படங்கள் கிடக்கும். ஆகவே ஒரு மாற்றி மென்பொருள் செய்வதெல்லாம் பொத்தானின் இயல்பு நிலை, சுட்டி மேலே நிற்கும் நிலை, அழுத்திய நிலை ஆகிய படங்களை ஒரு வரிசையிலிருந்து எடுத்து இன்னொரு வரிசையில் அடுக்குவதும், விளிம்பு எண்களை வேறு பெயர்களில் எழுதுவதும் மட்டுமே.

அந்த அடுக்கும் முறைக்குப் பதிப்புரிமை கோர முடியுமா என்பதில்தான் நிறுவனங்களின் சத்தம் அதிகம். சட்டம் அவர்களுக்கு அவ்வளவாகத் துணை நிற்பதில்லை. இதில் எனக்குத் தெரிந்த மிகத் தெளிவான தீர்ப்பு ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2012 மே 2 அன்று எஸ்ஏஎஸ் இன்ஸ்டிட்யூட்டுக்கும் வேர்ல்ட் புரோகிராமிங் நிறுவனத்துக்கும் இடையிலான வழக்கில் சொன்னது. ஒரு நிரல் என்ன செய்கிறது என்பதும், அது பயன்படுத்தும் நிரல்மொழியும், அதன் தரவுக் கோப்புகளின் வடிவமும் அந்த நிரலின் வெளிப்பாட்டு வடிவம் ஆகாது, எனவே மென்பொருளுக்கான பதிப்புரிமைப் பாதுகாப்பு அவற்றுக்கு இல்லை என்று அது கூறியது. அதே நீதிமன்றம் கதவை முழுவதும் திறந்துவிடவும் இல்லை: பிறருடைய மூலநிரலை எடுத்துப் பயன்படுத்தினால் கதை வேறு. இந்தியாவில் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(ab) பிரிவு, மென்பொருளைச் சட்டப்படி வைத்திருப்பவர், தனியாக உருவாக்கப்பட்ட இன்னொரு நிரல் அதனோடு இணைந்து இயங்கத் தேவையான தகவல் வேறு வழியில் எளிதாகக் கிடைக்காதபோது, அதைப் பெறுவதற்கு வேண்டியதைச் செய்வது மீறல் அன்று என்கிறது. எக்ஸ்எம்எம்எஸ் போன்ற லினக்ஸ் இசைப்பான்கள் வினாம்ப் ஸ்கின்களை அப்படியே ஏற்று இயங்கியதையும் இந்த வெளிச்சத்தில் பார்க்கலாம்.

ஆனால் கோப்பு வடிவம் என்ற பெட்டி எவருக்கும் சொந்தமில்லை என்பதால் பெட்டிக்குள் இருக்கும் நகையும் அப்படியே என்று நினைப்பதுதான் நம்மவர்கள் வழுக்கி விழும் இடம். படங்கள் வரைந்தவருடையவை. இலவசமாகக் கொடுத்தார் என்பது மறுவெளியீட்டுக்கு அனுமதி ஆகாது. கோப்பின் நீட்சி மாறியதால் படம் புதிதாகிவிடுவதும் இல்லை. 2000 ஜனவரியில் ஆப்பிள் தன் மேக் கணினிகளுக்கான அக்வா இடைமுகத்தைக் காட்டிய சில வாரங்களிலேயே, அதன் சாயலில் ஸ்கின் வைத்திருந்த தளங்களுக்கு அந்நிறுவனத்தின் வழக்கறிஞர்களிடமிருந்து கடிதங்கள் போயின. அந்தச் சண்டையின் பொருள் கோப்பு வடிவம் அன்று, அந்த நீலப் பாகு போன்ற பொத்தான்கள். தோற்றத்தின் பொதுச் சாயலுக்கு உரிமை கேட்டு மைக்ரோசாஃப்ட் மீது 1988இல் இதே ஆப்பிள் தொடுத்த வழக்கு 1994இல் மேல்முறையீட்டிலும் தோற்றது. அதில் பழைய உரிம ஒப்பந்தம் ஒன்று பெரும் பங்கு வகித்தது. சாயல் வேறு, படத்தையே பிரதி எடுப்பது வேறு.

என் கதைக்கு வருகிறேன். 2005இல் நான் வரைந்த ஒரு ஸ்கின்னை யாரோ மாற்றி, என் பெயரை நீக்கி, ஒரு பதிவிறக்கத் தளத்தில் ஏற்றியிருந்தார்கள். "என் கோப்பை உங்கள் வடிவத்துக்கு மாற்ற உங்களுக்கு என்ன உரிமை" என்று கோபமாக எழுதினேன், பதிலே இல்லை. பிறகு ஒரு நண்பர் சொன்னபடி வடிவத்தைப் பற்றி ஒரு சொல்லும் எழுதாமல், இன்னின்ன பதினான்கு படங்கள் நான் வரைந்தவை, இதோ அடுக்குகளோடு மூலக் கோப்புகள் என்று அனுப்பினேன். இரண்டு நாளில் எடுத்துவிட்டார்கள். அந்தப் பதினான்கில் மூன்று, அக்வாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நான் வரைந்தவை என்பதை அப்போது நான் யாரிடமும் சொல்லவில்லை.

உங்களுக்கு நான் பரிந்துரைப்பது இதுதான். முதலில் ஸ்கின்னோடு வந்த உரைக்கோப்பைப் படியுங்கள். டெஸ்க்டாப்பில் சிறு கருவிகளைக் காட்டும் ரெயின்மீட்டர் மென்பொருளின் ஸ்கின்களில், கோப்பைப் பற்றிய விவரம் சொல்லும் மெட்டாடேட்டா பகுதியிலேயே உரிமம் எழுதியிருக்கும், பழையவற்றில் "ரீட்மீ" தான் கதி. கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பொது உரிமம் என்றால் அதன் நிபந்தனைகளைப் பாருங்கள், மாற்றியமைத்து வெளியிடுவதைத் தடுக்கும் வகையும் உண்டு. ஒன்றும் எழுதியிருக்காவிட்டால் அனுமதி இல்லை என்றே கொள்ளுங்கள். வரைந்தவரைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், மாற்றிய ஸ்கின்னை வெளியிடாமல், மாற்றும் நிரலை மட்டும் வெளியிடுங்கள். பயனர் தன்னிடம் உள்ள மூலப் பிரதியைத் தன் கணினியிலேயே மாற்றிக்கொள்ளட்டும். எக்ஸ்பி காலத்தில், மைக்ரோசாஃப்ட் கையொப்பமிடாத ஸ்கின்களை ஏற்காத கையொப்பச் சோதனையைத் தாண்ட, மைக்ரோசாஃப்ட்டின் கோப்பைத் திருத்திப் பிரதி விநியோகித்தவர்களும் இருந்தார்கள், பயனரின் கணினியில் உள்ள கோப்பையே திருத்தும் சிறு நிரலை மட்டும் கொடுத்தவர்களும் இருந்தார்கள். பிறர் கோப்பைப் பிரதி எடுத்து விற்றதாகவோ கொடுத்ததாகவோ குற்றம் சாட்ட இரண்டாமவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. ஆயினும் உரிம ஒப்பந்தத்தில் திருத்தத்துக்கே தடை இருந்தால் அது தனிக் கேள்வி, அதையும் படித்துவிட்டே இறங்குங்கள்.