நேரலை நிற்பது எந்த முனையில்?
வாசகர் கேள்வி – பதில்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் ஆறு கடிதங்கள், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் ஆடும் போட்டிகளை வீட்டிலிருந்தே பார்ப்பது பற்றியவை. ஆறும் மலையிலிருந்து வந்தவை என்பதால், இம்முறை பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் பேத்தி பல்கலைக்கழக வாலிபால் அணியில் ஆடுகிறாள். தென் மண்டலப் போட்டிகளை, அவற்றை நடத்திய பல்கலைக்கழகமே தன் யூடியூப் சேனலில் நேரலையாகக் காட்டியது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை படம் நின்று வட்டம் சுற்றியது. ஸ்பீடு டெஸ்ட் போட்டால் 60 எம்பிபிஎஸ் காட்டுகிறது. இணைப்புக் கொடுத்தவர்கள் தங்கள் பக்கம் குறையில்லை என்கிறார்கள். புதிய ரவுட்டர் வாங்கிவிடலாமா?
– ஓய்வுபெற்ற எஸ்டேட் அலுவலர், குன்னூர்

பதில்: ஐயா, சற்றுப் பொறுங்கள். மைதானத்தில் இருக்கும் கேமராவுக்கும் தங்கள் வீட்டுத் தொலைக்காட்சிக்கும் இடையே கோளாறு நேரக்கூடிய இடங்கள் மூன்று உள்ளன. மைதானத்திலிருந்து படத்தை அனுப்பும் இணைப்பு ஒன்று. தெருவிலிருந்து தங்கள் வீட்டுக்கு வரும் கம்பி இன்னொன்று. வீட்டுக்குள் ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சி வரை காற்றில் போகும் வைஃபை மூன்றாவது. கோளாறு எந்த முனையில் என்று தெரியாமல் செலவு செய்தால், பல் வலிக்குக் கண்ணாடி வாங்கிய கதையாகிவிடும்.

முதலில் மைதானத்தைச் சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. படம் நின்று மீண்டும் ஓடத் தொடங்கியதும், கீழே உள்ள கோட்டைப் பின்னால் இழுத்து, நின்றுபோன அதே இடத்தை மறுபடி பாருங்கள். இரண்டாம் முறையும் அதே நொடியில், அதே சர்வீஸில் படம் உறைந்தால் குறை மைதானத்தில் இருக்கிறது. அங்கே யாரோ ஒருவர் கைபேசி சிக்னலை நம்பி ஒளிபரப்பிக்கொண்டிருக்கிறார் என்று பொருள். தாங்கள் எந்த ரவுட்டரை வாங்கினாலும் அது சரியாகாது. இரண்டாம் முறை அந்த இடம் தடையின்றி ஓடினால், அனுப்பப்பட்ட படம் முழுமையாகத்தான் இருந்திருக்கிறது, தங்கள் வீட்டுக்கு வந்து சேர்வதில்தான் தடங்கல் என்று கொள்ளலாம். (சில சேனல்கள் பின்னால் இழுக்கும் வசதியை அடைத்து வைத்திருக்கும். அப்போது, வேறு ஊரிலிருந்து பார்க்கும் உறவினர் ஒருவரைத் தொலைபேசியில் கேட்பதே வழி.)

குறை தங்கள் பக்கம் என்று தெரிந்தபின், கைபேசியில் அதே நேரலையைத் திறந்து ரவுட்டரின் அருகிலேயே நின்று பத்து நிமிடம் பாருங்கள். அங்கே ஒழுங்காக ஓடி, கூடத்தில் மட்டும் நின்றால் குற்றவாளி வைஃபை. பழைய பங்களாவில் குடியிருப்பதாகவும், ரவுட்டர் படுக்கையறையில் கணப்புக்குப் பின்புறம் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். குளிரைத் தடுக்க வெள்ளைக்காரர்கள் கட்டிவைத்த கனமான கல்சுவர், வைஃபையையும் அதே திறமையோடு தடுக்கிறது. இன்றைய ரவுட்டர்கள் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் இயங்குகின்றன. 5 என்பது வேகமானது, ஆனால் சுவரைக் கண்டால் சோர்ந்துவிடும், 2.4 என்பது வேகம் குறைந்தாலும் சுவரை ஓரளவு கடக்கும். ஸ்பீடு டெஸ்ட் என்பது சில நொடிகளில், பெரும்பாலும் அருகில் உள்ள கணினியோடு நடத்தப்படும் சோதனை. அதில் 60 எம்பிபிஎஸ் வந்தால் (மருத்துவப் படிப்பு அல்ல, நொடிக்கு இத்தனை மெகாபிட் என்ற கணக்கு) அந்தச் சில நொடிகளில் வேகம் இருந்தது என்றுதான் பொருள். நேரலைக்கு வேண்டியதோ மூன்று அல்லது ஐந்து எம்பிபிஎஸ்தான்; ஆனால் அது இரண்டு மணி நேரமும் விட்டுவிடாமல் வர வேண்டும்.

என் யோசனை புதிய ரவுட்டர் அன்று. ரவுட்டரிலிருந்து தொலைக்காட்சிக்கு நேராக ஒரு லேன் கம்பி இழுத்துவிடுங்கள். நூறு மீட்டர் வரை அது தயங்காமல் வேலை செய்யும். எலக்ட்ரிக்கல் கடையில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். சுவர் ஓரமாகக் கம்பி ஓடுவது அழகாக இராது என்று வீட்டில் சொல்வார்கள். என் வீட்டிலும் சொன்னார்கள்; இப்போது அந்தக் கம்பியைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

ரவுட்டரின் அருகிலும் படம் நின்றால் வெளிக் கம்பியைச் சந்தேகிக்க வேண்டும். ஃபைபர் பெட்டியில் ‘லாஸ்’ (LOS) என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியிழை அறுந்திருக்கிறது அல்லது எங்கோ கூர்மையாக மடங்கியிருக்கிறது. மரக்கிளையும் குரங்கும் நம் ஊரில் அதற்கு வழக்கமான காரணங்கள். அப்போது பெட்டியை அணைத்து அணைத்துப் போடுவதால் பயனில்லை. படம் நின்ற நாள், நேரம், விளக்கின் நிறம் ஆகியவற்றை ஒரு தாளில் குறித்துப் புகார் எழுதுங்கள். “அடிக்கடி நிற்கிறது” என்று மட்டும் சொன்னால் எங்கள் பக்கம் குறையில்லை என்ற பதிலே மீண்டும் வரும். நான் ஒருமுறை மூன்று வாரம் அந்தப் பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தவன்.

கேள்வி: என் பேரன் அமெரிக்காவில் படிக்கிறான்; பல்கலைக்கழக அணிக்காக ஆடுகிறான். அவன் அனுப்பும் இணைப்பைத் திறந்தால் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்று வருகிறது. ஒருமுறை எப்படியோ திறந்தது. ஆனால் விடியற்காலை நாலரை மணிக்கு எழுந்து உட்கார்ந்தால் ஒரு மணி நேரம் வெறும் திரைதான். முகநூலில் வேறொரு இணைப்புக் கிடைத்தது. இலவசம் என்றுவிட்டு, கார்டு எண் கேட்கிறது. கொடுக்கலாமா?
– வாசகி, கோத்தகிரி

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: கொடுக்காதீர்கள். இரண்டு அணிகளின் பெயரையும் போட்டு, அசையாத ஒரு படத்தை ஒட்டி, ‘இலவசப் பதிவுக்கு’க் கார்டு எண் கேட்கும் பக்கங்கள், கல்லூரி ஆட்டங்களைத் தேடும் பெற்றோரையும் தாத்தா பாட்டிகளையும் குறிவைத்தே விரிக்கப்படும் வலை. ஏற்கெனவே எண்ணைக் கொடுத்திருந்தால் உடனே வங்கியை அழைத்துக் கார்டை முடக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலும் தாமதிக்காமல் புகார் செய்யுங்கள்.

‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்பது கோளாறு அன்று. ஆகவே அதைச் சரிசெய்யவும் முடியாது. அமெரிக்காவில் கல்லூரி அணிகள் ‘கான்ஃபரன்ஸ்’ எனப்படும் குழுக்களாகப் பிரிந்து ஆடுகின்றன. ஒளிபரப்பு உரிமையைப் பெரும்பாலும் அந்தக் குழுக்களே மொத்தமாக விற்கின்றன. பிக் டென் குழுவுக்கு 2007 முதலும், எஸ்இசி குழுவுக்கு 2014 முதலும், ஏசிசி குழுவுக்கு 2019 முதலும் தனித்தனித் தொலைக்காட்சிகளே இருக்கின்றன. உரிமையை வாங்கிய நிறுவனம் எந்த நாட்டுக்கு வாங்கியதோ அந்த நாட்டில்தான் காட்டலாம். தங்கள் இணைப்புக்கு இணையத்தில் உள்ள அடையாள எண்ணான ஐபி முகவரியைக் கொண்டு அது தாங்கள் இந்தியாவில் இருப்பதைக் கண்டுகொள்கிறது. விபிஎன் (வேறு நாட்டிலிருந்து பார்ப்பதுபோல் காட்டும் செயலி) போட்டுக்கொள்ளுங்கள் என்று பேரன் சொல்லக்கூடும். நம் நாட்டில் விபிஎன் பயன்படுத்துவதே குற்றம் என்றில்லை. ஆனால் பெரும்பாலான ஒளிபரப்பு நிறுவனங்களின் விதிகளுக்கு அது எதிரானது, கணக்கு முடக்கப்பட்டால் கட்டிய சந்தா திரும்பாது. நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

அதற்குப் பதிலாக, அவனுடைய பல்கலைக்கழகத்தின் விளையாட்டுத் துறைக்கென்று தனியாக உள்ள இணையதளத்துக்குப் போய் அட்டவணைப் பக்கத்தைத் திறங்கள். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் எதிரே, பார்ப்பதற்கு, கேட்பதற்கு, புள்ளிகளைப் பின்தொடர்வதற்கு என்று தனித்தனி இணைப்புகள் இருக்கும். படம் அடைபட்டிருந்தாலும் குரல் வருணனையும் புள்ளி விவரமும் பல இடங்களில் திறந்தே இருக்கின்றன. அமெரிக்கக் கால்பந்து, கூடைப்பந்து போன்ற பணம் கொழிக்கும் ஆட்டங்களைத் தவிர்த்து, டென்னிஸ், நீச்சல் முதலியவற்றைப் பல்கலைக்கழகங்கள் தாமே இலவசமாகக் காட்டுவதும் உண்டு. தங்கள் பேரன் எதில் ஆடுகிறான் என்று எழுதவில்லையே! அவனையே துறை அலுவலகத்தில், வெளிநாட்டில் உள்ள குடும்பத்தார் எப்படிப் பார்ப்பது என்று கேட்கச் சொல்லுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் பலர் ஆடும் அணிகளில் இது புதிய கேள்வியாக இராது.

வெறும் திரைக்குக் காரணம் கடிகாரம். அங்கே மார்ச் மாதம் இரண்டாம் ஞாயிறன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறன்று பழையபடி வைக்கிறார்கள். நாம் அப்படிச் செய்வதில்லை. ஆகவே கிழக்குக் கரையில் சனி மாலை 7 மணிக்குத் தொடங்கும் ஆட்டம், அக்டோபரில் நமக்கு ஞாயிறு விடியற்காலை 4.30, நவம்பர் நடுவில் அதுவே 5.30. கலிபோர்னியா என்றால் இன்னும் மூன்று மணி நேரம் கூட்டிக்கொள்ளுங்கள். கோத்தகிரிக் குளிரில் ஒரு மணி நேரத் தூக்கம் சிறிய விஷயம் அன்று.

கேள்வி: மைதானத்தில் இருக்கும் என் மகள் தொலைபேசியில் “ஜெயிச்சிட்டோம்மா” என்று கத்துகிறாள், என் திரையில் இன்னும் இரண்டு புள்ளி பாக்கி இருக்கிறது. இந்தத் தாமதத்தைக் குறைக்க முடியுமா?
– வாசகி, கொடைக்கானல்

பதில்: தங்கள் பக்கத்திலிருந்து பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது. நேரலைப் படம் சில நொடி நீளமுள்ள துண்டுகளாக வெட்டப்பட்டு அனுப்பப்படுகிறது. திரையில் ஓடும் துண்டுக்குப் பின்னால் இன்னும் சிலவற்றைக் கையிருப்பில் வைத்துக்கொண்டே செயலி படத்தைக் காட்டுகிறது. அதனால் அரை நிமிடம் வரை பின்தங்குவது இயல்பு. அந்தக் கையிருப்புத்தான் இணைப்புச் சற்றுத் தடுமாறும்போது படம் நிற்காமல் காப்பாற்றுகிறது. குன்னூர் வாசகருக்கும் இது உதவும்: வேண்டுமென்றே ஒரு நிமிடம் பின்னால் இழுத்து வைத்துப் பார்த்தால் கையிருப்புக் கூடி, வட்டம் சுற்றுவது குறையும். மகளை, ஆட்டம் முடிந்து இரண்டு நிமிடம் கழித்து அழைக்கச் சொல்லுங்கள்.

கேள்வி: எங்களிடம் ஃபைபர் இணைப்பு இல்லை, கைபேசியில் நாளுக்கு ஒன்றரை ஜிபி டேட்டாதான். ஒரு கிரிக்கெட் ஆட்டத்தின் பாதியிலேயே தீர்ந்துவிடுகிறது.
– மாணவர், மன்னவனூர்

பதில்: ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ஒரு எம்பிபிஎஸ் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி செலவாகும். 480 என்ற தரத்தில் படம் ஏறத்தாழ அந்த அளவே எடுக்கும். 720 தரத்தில் அது இரண்டரை மடங்கு, அதாவது மணிக்கு ஒரு ஜிபிக்கும் மேல். தரத்தை ‘ஆட்டோ’வில் விட்டால், சிக்னல் நன்றாக இருக்கும் நேரம் பார்த்துச் செயலி தானே மேலே ஏறிவிடும். ஆகவே ஆட்டம் தொடங்கியதும் 480 என்று கையால் மாற்றிவிடுங்கள். உள்ளங்கையளவுத் திரைக்கு அது போதும். அப்போதும் ஒன்றரை ஜிபி மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல்தான் வரும். இருபது ஓவர் ஆட்டத்துக்கு அது சரி. ஒரு நாள் ஆட்டம் என்றால் இடையில் ஸ்கோரை மட்டும் பார்ப்பதைத் தவிர வழியில்லை. சிக்னல் பள்ளத்தாக்கில் மங்கினால், டவர் இருக்கும் திசையின் ஜன்னலில் கைபேசியை வைத்து ஹாட்ஸ்பாட் போட்டு, வேறொரு கைபேசியில் பாருங்கள்.

கேள்வி: ஆடி மழையில் மின்சாரமும் போகிறது, டிஷ்ஷும் ‘சிக்னல் இல்லை’ என்கிறது. பல்கலைக்கழக விளையாட்டுகளைப் பார்க்க எது நம்பகமானது?
– வாசகர், கூடலூர்

பதில்: 2020இல் புவனேஸ்வரத்தில் தொடங்கிய கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளின் ஆட்டங்களை டிடி ஸ்போர்ட்ஸ் ஒளிபரப்பியிருக்கிறது. அந்தச் சேனல் டிடி ஃப்ரீ டிஷ்ஷில் மாதக் கட்டணமின்றிக் கிடைக்கிறது. பிரசார் பாரதி 2024 நவம்பரில் தொடங்கிய ‘வேவ்ஸ்’ செயலியில் தூர்தர்ஷன் சேனல்களைப் பார்க்கலாம். வீட்டு டிஷ் பிடிக்கும் கேயூ அலைவரிசை அடர்ந்த மழையில் வலுவிழக்கும். டிஷ்ஷைத் திருப்பிப் பயனில்லை, மழை தணியக் காத்திருக்க வேண்டியதுதான். ஃபைபருக்கு மழையால் நேரடித் தொல்லை இல்லை. மரம் விழுந்தால்தான் உண்டு. மின்சாரம் போனாலும் ஃபைபர் பெட்டி ஓட வேண்டுமானால், அதற்கென்றே விற்கும் சிறிய யுபிஎஸ் ஒன்றை வாங்குங்கள். பெரும்பாலான பெட்டிகளுக்கு 12 வோல்ட் வேண்டும், வாங்குமுன் தங்கள் அடாப்டரில் அச்சிட்டிருப்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எங்கள் கல்லூரி அணி கோவையில் ஆடும் போட்டியை யாரும் ஒளிபரப்புவதில்லை. என் மகனின் நண்பன் கைபேசியிலேயே யூடியூபில் காட்ட முடியுமா?
– வாசகர், உதகை

பதில்: முடியும். போட்டி நடத்துவோரிடம் முன்கூட்டியே அனுமதி பெறச் சொல்லுங்கள். கைபேசியிலிருந்து நேரலை செய்ய அந்தச் சேனலுக்குக் குறைந்தது 50 சந்தாதாரர்கள் வேண்டும். முதல் முறை வசதியை இயக்கியபின் அது கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம். ஆட்டத்தன்று காலையில் தொடங்கிவிட்டு ஏமாறுபவர்கள் இதில்தான் சறுக்குகிறார்கள். கைபேசியைக் கையில் பிடிக்காமல் மூன்றுகால் தாங்கியில் (ட்ரைபாட்) படுக்கை வசமாகப் பொருத்தி, பவர் பேங்க்கைச் செருகி, அழைப்புகள் வராதபடி அடைத்துவைக்க வேண்டும். மைதானத்தில் பதிவிறக்க வேகத்தைப் பார்த்துத் திருப்தி அடையாமல், பதிவேற்ற வேகத்தை முந்தைய நாளே, ஆட்டம் நடக்கும் அதே நேரத்தில் போய்ப் பார்த்து வரச் சொல்லுங்கள்.