சில்லுக்குப் பின்னால் ஒரு வலி: முழங்கால் கேள்விகளும் பதில்களும்

முழங்கால் பற்றி வரும் கேள்விகளைத் தனியாகச் சேர்த்து வைத்திருக்கிறேன். அதில் சில்லு வலி பற்றியவற்றை, அதாவது முட்டியின் முன்பக்கம் அந்த வட்ட எலும்புக்கு அடியிலும் சுற்றியும் வரும் வலி பற்றியவற்றை மட்டும், இம்முறை எடுத்துக்கொண்டேன். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாக்கிச் சுருக்கியிருக்கிறேன்.

எனக்கு 31 வயது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் ‘கான்ட்ரோமலேசியா பட்டெல்லா, கிரேடு 2’ என்று இருக்கிறது. ஜவ்வு தேய்ந்துவிட்டது, இனி வளராது என்கிறார்கள். இந்த வயதிலேயே மூட்டு மாற்று ஆபரேஷன் செய்ய வேண்டியிருக்குமா, டாக்டர்?

இல்லை. முதலில் அந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லைச் சரிசெய்துகொள்வோம். நம் பேச்சில் முழங்காலுக்குள் இருக்கும் எல்லாமே ஜவ்வுதான். எலும்போடு எலும்பை இழுத்துக் கட்டும் நாரும் ஜவ்வு, இடையில் மெத்தை மாதிரி கிடக்கும் பிறை வடிவத் தட்டும் ஜவ்வு, எலும்பின் மேல் வழுவழுப்பாகப் படிந்திருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு. தெரிந்தவர் யாருக்கோ ஜவ்வு கிழிந்து ஆபரேஷன் நடந்திருக்கலாம், அது உங்கள் கதை அல்ல.

உங்கள் அறிக்கை பேசுவது முழங்கால் சில்லின் பின்பக்கக் குருத்தெலும்பைப் பற்றி. உடம்பிலேயே தடிமனான குருத்தெலும்பு அங்கேதான் இருக்கிறது, சில இடங்களில் 5 மில்லிமீட்டர் வரை. கிரேடு என்பது 1961-இல் அவுட்டர்பிரிட்ஜ் என்ற எலும்பியல் மருத்துவர் வகுத்த படிநிலையிலிருந்து வந்தது. ஸ்கேன் அறிக்கைகளில் இப்போது அதை ஏறக்குறைய இப்படிப் பயன்படுத்துகிறார்கள்: 1 என்றால் மென்மையாகிவிட்டது, 2 என்றால் மேல்பாதியில் வெடிப்பு, 3 என்றால் பாதி ஆழத்தையும் தாண்டிய வெடிப்பு, 4 என்றால் அடியில் இருக்கும் எலும்பே தெரிகிறது. ‘மலேசியா’ என்ற அந்தப் பயமுறுத்தும் கிரேக்கச் சொல்லுக்கும் மென்மை என்றுதான் பொருள்.

குருத்தெலும்புக்கு நரம்பு கிடையாது. அதை வெட்டினாலும் அதற்கு வலிக்காது. வலிப்பது அதற்கு அடியில் இருக்கும் எலும்பு, மூட்டின் உள்ளுறை, சில்லுக்குக் கீழே இருக்கும் கொழுப்புத் திண்டு ஆகியவைதான். அதனால்தான் கிரேடும் வலியும் கைகோத்துப் போவதில்லை. கிரேடு 3 இருந்தும் மலை ஏறுகிறவர்கள் இருக்கிறார்கள், ஸ்கேனில் ஒன்றுமே இல்லாமல் படி இறங்க முடியாதவர்களும் இருக்கிறார்கள். வலியே இல்லாதவர்களுக்கு எம்.ஆர்.ஐ. எடுத்தாலும் இந்த மாதிரி வெடிப்புகள் கண்ணில் படும். தேய்ந்தது பழையபடி வளராது என்பது பெரும்பாலும் உண்மை, ஏனென்றால் அதற்கு ரத்த ஓட்டமும் இல்லை. ஆனால் வலி போவதற்கு அது வளர வேண்டியதில்லை. இந்த ஒன்று மனதில் பதிந்தால் பாதிக் கவலை போய்விடும்.

சமதரையில் எவ்வளவு நடந்தாலும் வலி இல்லை. ஆனால் மாடிப்படி இறங்கினால் சுருக்கென்கிறது. ஒரு சினிமா முழுக்க உட்கார்ந்திருந்தாலும் வலிக்கிறது. உட்கார்ந்திருந்தால் எப்படி டாக்டர் தேயும்?

தேய்வதில்லை, அழுந்துகிறது. முழங்காலை மடக்க மடக்கச் சில்லு தொடை எலும்பின் பள்ளத்துக்குள் இறங்கி அழுந்தும். சமதரையில் நடக்கும்போது அந்த இடத்தில் விழும் பாரம் ஏறக்குறைய உடல் எடையில் பாதி. படி ஏறி இறங்கும்போது அது மூன்று மடங்கு. ஆழமாகக் குந்தி எழுந்தால் ஏழு மடங்கு வரை போகும். ஆகவே நடை சுகமாகவும் படி வேதனையாகவும் இருப்பதில் ஆச்சரியமில்லை. ஏறுவதைவிட இறங்குவது ஏன் மோசம் என்றால், இறங்கும்போது தொடைத் தசை நீண்டுகொண்டே உடம்பைப் பிடித்து நிறுத்த வேண்டும். பலவீனமான தசைக்கு அந்த வேலை பிடிக்காது.

நெடுநேரம் உட்கார்ந்தால் வருவது இந்த வலியின் கையெழுத்து மாதிரி. ஆங்கிலத்தில் அதைத் தியேட்டர் வலி என்றே சொல்வார்கள். ஓரத்து இருக்கையாகப் பார்த்து வாங்கிக் காலை நீட்டிக்கொள்ளுங்கள். வேலை மேசையில் அரை மணிக்கு ஒருமுறை கால்களை நீட்டி, தொடையை இறுக்கி, விடுங்கள். வலி அதிகமாக இருக்கும் நாட்களில் படி ஏறும்போது நல்ல கால் முன்னே, இறங்கும்போது வலிக்கும் கால் முன்னே.

முட்டியை மடக்கினால் மொறமொறவென்று சத்தம். வலி சுத்தமாக இல்லை.

அப்படியானால் விட்டுவிடுங்கள். வலியும் வீக்கமும் இல்லாத சத்தத்துக்கு மருந்தும் இல்லை, தேவையும் இல்லை. இந்தச் சத்தத்துக்குப் பயந்து முட்டியை மடக்காமல் இருப்பதுதான் கெடுதல்.

6 வாரம் ஃபிசியோதெரபி போனேன், ஒரு பலனும் இல்லை. அடுத்து என்ன?

போன இடத்தில் என்ன செய்தார்கள்? இந்தக் கேள்வியை நேரில் கேட்கும்போது பெரும்பாலும் கிடைக்கும் பதில்: ‘சூடு வைத்தார்கள், கரண்ட் மெஷின் வைத்தார்கள், பத்து தடவை காலைத் தூக்கச் சொன்னார்கள்.’ மெஷின் வைக்கும்போது இதமாகத்தான் இருக்கும், வீட்டுக்கு வந்தால் பழைய வலிதான். அந்தப் பத்து தடவை கால் தூக்கலில்தான் வைத்தியம் இருந்தது, அதுவும் மருந்தளவில் கால்வாசி.

நான் முதலில் செய்யச் சொல்வது ஒரு சோதனை. சுமார் 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரு படியின் மேல், கண்ணாடியைப் பார்த்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றக் காலின் குதிகால் தரையைத் தொடும் வரை மெதுவாக இறங்குங்கள். நிற்கும் காலின் முட்டியை மட்டும் கவனியுங்கள். அது பாதத்தின் நடுவிரலுக்கு நேராக இறங்குகிறதா, கட்டைவிரலையும் தாண்டி உள்பக்கம் சாய்கிறதா? இடுப்பு ஒரு பக்கம் தொங்குகிறதா? பலருக்குப் பாதி தூரத்திலேயே முட்டி உள்ளே விழுந்து நடுங்கும். சில்லு பிசகுவது போலத் தெரிந்தாலும் அதற்கு அடியில் தொடை எலும்புதான் உள்பக்கம் திரும்புகிறது. அதைத் தடுக்க வேண்டியவை இடுப்பின் பக்கவாட்டுத் தசைகளும் பிட்டத் தசைகளும். அதனால்தான் முட்டிக்கு மட்டும் பயிற்சி கொடுப்பதைவிட இடுப்புக்கும் சேர்த்துக் கொடுத்தால் பலன் அதிகம் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன.

எங்கே தொடங்குவது? மல்லாந்து படுத்து முழங்காலை நேராக வைத்துக் கால் தூக்குதல். ஒருக்களித்துப் படுத்து மேல்காலைப் பக்கவாட்டில் தூக்குதல். முட்டிகளை மடக்கிப் படுத்து இடுப்பை உயர்த்துதல். சுவரில் முதுகு சாய்த்துச் சறுக்கி இறங்குதல், ஆனால் முட்டி 45 டிகிரி மடங்கும் அளவுக்குத்தான். ஒவ்வொன்றையும் 10 முறை வீதம் மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நான்கு நாள். எளிதாகிவிட்டால் கணுக்காலில் எடை கட்டுங்கள், ரப்பர் பட்டை சேருங்கள், அப்புறம் அந்தப் படி இறங்கும் சோதனையையே பயிற்சியாக்குங்கள். கூட்டிக்கொண்டே போகாத பயிற்சி வெறும் கையசைப்பு.

வலித்தால் நிறுத்த வேண்டுமா என்பார்கள். வேண்டாம். 10-க்கு 3 என்ற அளவில் வலி இருந்து, மறுநாள் காலை பழைய நிலைக்கு வந்துவிட்டால் நீங்கள் சரியான அளவில் செய்கிறீர்கள். 5-க்கு மேல் போனாலோ காலையில் வீங்கியிருந்தாலோ ஒரு படி குறையுங்கள். 6 வாரத்தில் வித்தியாசம் தெரியத் தொடங்கும், பலனை முழுதாக மதிப்பிட 12 வாரமாவது கொடுங்கள்.

ஒரு விஷயம். தொடையின் உள்பக்கத் தசையை ‘மட்டும்’ தனியாக வலுப்படுத்தும் வித்தை என்று பலர் காட்டுவார்கள். அப்படித் தனியாகப் பிரித்து இயக்க முடியாது. தொடைத் தசை மொத்தமாக வலுத்தால் போதும்.

என் மகளுக்கு 15 வயது. கைப்பந்து ஆடுகிறாள். இரண்டு முட்டியும் முன்பக்கம் வலிக்கிறது. தேய்மானமா? விளையாட்டை நிறுத்திவிடட்டுமா?

இந்த வயதில் தேய்மானம் என்ற சொல்லையே அவள் காதில் போடாதீர்கள். பெரும்பாலும் இது பாரக் கணக்கு: திடீரென்று பயிற்சி நேரம் கூடியிருக்கும், குதிப்பு கூடியிருக்கும், தசை இன்னும் அந்த அளவுக்கு வந்திருக்காது. முழுதாக நிறுத்தினால் தசை இன்னும் மெலிந்து, திரும்பிப் போகும்போது வலியும் திரும்பும். குதிக்கும் எண்ணிக்கையைச் சில வாரங்களுக்குப் பாதியாக்கி, மேலே சொன்ன பயிற்சிகளைச் சேருங்கள். சில்லுக்குக் கீழே, கணைக்கால் எலும்பின் மேல்முனையில் ஒரு புடைப்பு தொட்டால் வலிக்கிறது என்றால் அது வளரும் எலும்பில் தசைநார் இழுப்பதால் வருவது, அதுவும் பெரும்பாலும் தானே அடங்கும்.

ஆனால் வளரும் பிள்ளை நொண்டி நடந்தால் இடுப்பைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. இடுப்பு மூட்டின் கோளாறு முட்டி வலியாக வேஷம் போடும். அதேபோல, சில்லு ஒருமுறையாவது இடம் விலகிப் போயிருந்தாலோ, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் வலி இருந்தாலோ காத்திருக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 60 வயது, உடம்பு கொஞ்சம் கனம். முட்டிக்குள் ஊசி போட்டால் சரியாகும் என்கிறார்கள். எந்த ஊசி நல்லது? குளுக்கோசமின் மாத்திரையும் சாப்பிடுகிறார்.

இந்த வயதில் சில்லுக்குப் பின்னால் தொடங்கும் தேய்மானம் மூட்டு முழுக்கவும் இருக்கலாம், அதை நேரில் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஊசிகளைப் பற்றி என் கருத்து இது.

ஸ்டீராய்டு ஊசி சில வாரங்களுக்கு வலியைக் குறைக்கும். மூட்டு சூடாக வீங்கியிருக்கும் சமயத்தில், பயிற்சி தொடங்க வழிசெய்வதற்காக, எப்போதாவது ஒன்று போடுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. வாடிக்கையாக்கக் கூடாது. மூன்று மாதத்துக்கு ஒன்று என இரண்டு வருடம் ஸ்டீராய்டு போட்டவர்களையும் வெறும் உப்புநீர் போட்டவர்களையும் ஒப்பிட்ட ஓர் ஆய்வு 2017-இல் வந்தது. வலியில் வித்தியாசம் இல்லை, குருத்தெலும்பு மட்டும் ஸ்டீராய்டு போட்டவர்களுக்கு அதிகம் குறைந்திருந்தது. பி.ஆர்.பி. எனப்படும், நம் ரத்தத்திலிருந்தே பிரித்துப் போடும் ஊசியையும் 2021-இல் உப்புநீரோடு ஒப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்து இரண்டு பக்கமும் ஏறக்குறைய ஒன்றுதான். ‘மூட்டு எண்ணெய்’ ஊசியின் பலனும் சொல்லும் அளவுக்குப் பெரிதில்லை. குளுக்கோசமின் 2006-இல் வந்த பெரிய ஆய்வில் மொத்தத்தில், மருந்தே இல்லாத வெற்று மாத்திரையைத் தாண்டவில்லை. அதை நிறுத்தி மிச்சப்படும் பணத்தில் நல்ல செருப்பு வாங்கிக் கொடுக்கலாம்.

பலன் தருவது எது என்றால், வலி நிவாரண ஜெல் தடவுவது முதல் வரிசையில் வரும். மாத்திரையாக விழுங்கும் வலி நிவாரணிகள் வயிற்றையும் சிறுநீரகத்தையும் இதயத்தையும் பாதிக்கக்கூடியவை, 60 வயதில் டாக்டரைக் கேட்காமல் கூடாது. அப்புறம் எடை. உடம்பில் 1 கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் 4 கிலோ குறைகிறது என்று 2005-இல் அளந்து சொன்னார்கள். ஐந்து கிலோ குறைத்தால் ஓர் அடிக்கு 20 கிலோ. ஒரு நாளில் அம்மா எத்தனை அடி நடக்கிறார் என்று பெருக்கிப் பாருங்கள்.

முட்டி உறை போடலாமா? டேப்?

இதமாக இருந்தால் போடுங்கள். சில்லைச் சற்று உள்பக்கம் இழுத்து ஒட்டும் டேப் சிலருக்கு அந்த நிமிடமே வலியைக் குறைக்கும். அந்த இடைவெளியைப் பயிற்சி செய்யப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஷூவுக்குள் வைக்கும் அட்டையும் அப்படித்தான், முதல் சில வாரங்களுக்கு. நாள் முழுக்க உறையை மாட்டிக்கொண்டு பயிற்சியை விட்டுவிடாதீர்கள்.

துளை போட்டு உள்ளே சுத்தம் செய்தால் தீருமா?

டாக்டராகப் பயிற்சியில் இருந்த காலத்தில் இந்த ஆபரேஷனை நானும் நிறையச் செய்திருக்கிறேன், அதனால் உள்ளே என்ன தெரியும் என்று சொல்ல முடியும். நல்ல குருத்தெலும்பு முத்து மாதிரி வெளேரென்று பளபளக்கும், கருவியால் அழுத்தினால் எதிர்த்து நிற்கும். மென்மையானது பொதக்கென்று பள்ளம் விழும். இன்னும் போனால் நூல் பிரிந்த துணி ஓரம் போல இழை இழையாகத் தண்ணீரில் அசையும். சுழலும் சிறு கத்தியை வைத்தால் இரண்டு நிமிடத்தில் அந்த இழைகள் போய்விடும், திரையில் பார்க்க அத்தனை திருத்தமாக இருக்கும். நோயாளிக்கும் அந்த வீடியோவைக் காட்டுவோம். மூன்று மாதம் கழித்து அதே நோயாளி அதே வலியோடு வந்து நிற்பார்.

அது என் கைராசி இல்லை என்று அப்புறம்தான் தெரிந்தது. நாள்பட்ட சில்லு வலிக்காரர்களில் ஒரு பகுதியினருக்குப் பயிற்சி மட்டும், இன்னொரு பகுதியினருக்கு துளை ஆபரேஷனும் பயிற்சியும் கொடுத்து ஒப்பிட்டு 2007-இல் வெளியிட்டார்கள். இரு தரப்பும் ஒரே அளவுதான் தேறியிருந்தார்கள்.

அதற்காக ஆபரேஷனே கூடாது என்றில்லை. சில்லு அடிக்கடி இடம் விலகுவது, உடைந்த துண்டு உள்ளே மிதந்து முட்டி பூட்டிக்கொள்வது, அடிபட்டு ஓரிடத்தில் மட்டும் பெயர்ந்த குருத்தெலும்பு, இவற்றுக்கு வழி இருக்கிறது. தசைநார் ஒட்டும் எலும்பை நகர்த்தி வைப்பதும், குருத்தெலும்புச் செல்லை வளர்த்து வைப்பதும் தேர்ந்தெடுத்த சிலருக்குத்தான். வெறும் கிரேடு 2-க்கு யாராவது தேதி குறித்துக் கொடுத்தால், இன்னொருவரிடம் காட்டிவிட்டு முடிவெடுங்கள்.

ஓட்டத்தை விட்டுவிடச் சொல்கிறார்கள். மனசு கேட்கவில்லை.

விட வேண்டாம், குறையுங்கள். வலி 3-ஐத் தாண்டாத தூரம் எதுவோ அங்கிருந்து தொடங்குங்கள். முதலில் இறக்கங்களைத் தவிருங்கள். நிமிடத்துக்கு எத்தனை அடி வைக்கிறீர்கள் என்று எண்ணி, அதை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். அடி சிறிதாகும், சில்லின் மேல் விழும் பாரமும் குறையும். சைக்கிள் ஓட்டுபவர்கள் இருக்கையைச் சற்று உயர்த்தினாலே பாதி வலி போனதாகச் சொல்வதுண்டு.

முட்டியைக் காப்பாற்ற வேண்டும் என்று 2 வருஷமாகப் படிக்கட்டே ஏறுவதில்லை, லிஃப்ட்தான். முன்பைவிட இப்போது சீக்கிரமே வலிக்கிறதே, ஏன்?

காப்பாற்றியதால்தான். ரத்த ஓட்டம் இல்லாத குருத்தெலும்புக்குச் சாப்பாடு மூட்டுத் திரவத்திலிருந்து வருகிறது. பாரம் ஏறி இறங்கும்போதுதான், பஞ்சைப் பிழிந்து விடுவது போல, அந்தத் திரவம் உள்ளே போய் வரும். 2 வருஷம் பாரமே கொடுக்காததால் தொடைத் தசையும் மெலிந்திருக்கும். இரண்டு தொடைகளையும் சில்லுக்கு 10 சென்டிமீட்டர் மேலே நூல் வைத்து அளந்து பாருங்கள், வலிக்கும் பக்கம் குறைவாக இருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நாளைக்கு ஒரு மாடி மட்டும் ஏறுங்கள். முதல் இரண்டு வாரம் ஏறுவது மட்டும் போதும், இறங்க லிஃப்டையே வைத்துக்கொள்ளுங்கள்.