நர்சம்மா பதில்கள்: பிள்ளை பசியாற மறைவிடம் எதற்கு?

(ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர் வாசகர்களுக்குப் பதில் சொல்கிறார்)

கேள்வி: என் மகனுக்கு மூன்று மாதம். மதுரைக்குப் பஸ்ஸில் போகும்போது பசியில் வீறிட்டு அழுதான். துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு பால் கொடுத்தேன். பின்சீட்டில் இருந்த ஒரு அம்மா, "இத்தனை ஆம்பளைங்க இருக்கிற இடத்துல இது என்ன பழக்கம்? வீட்டுலயே குடுத்துட்டு வரக் கூடாதா?" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். கூனிக்குறுகிப் போனேன். இனி வெளியூர் போனால் புட்டியில் பவுடர் பால் கொண்டுபோகலாம் என்கிறார் கணவர். சரியா?
– ஒரு வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: வேண்டவே வேண்டாம் தாயி. மூன்று மாதப் பிள்ளை இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை பால் கேட்கும். ஆறு மாதம் வரை தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்பதால், வெயில் காலத்தில் அதன் தாகத்துக்கும் உன் பால்தான். வீட்டில் எவ்வளவு வயிறு நிறையக் கொடுத்துவிட்டுக் கிளம்பினாலும், ஆரப்பாளையத்தில் இறங்குவதற்குள் ஒரு தடவை பசிக்கத்தான் செய்யும்.

கலக்கிய பவுடர் பால் பஸ் சூட்டில் சீக்கிரம் கெட்டுப்போகும். வழியில் புதிதாகக் கலக்கலாம் என்றால், கொதித்து ஆறிய தண்ணீருக்கும் சுத்தமான புட்டிக்கும் எங்கே போவாய்? வயிற்றுப்போக்கில் துவண்டு வந்த புட்டிப்பால் பிள்ளைகளைப் பணிக்காலம் முழுக்கப் பார்த்தவள் நான். பிள்ளை குடிக்காத பால் உன் மாரில் தேங்கிக் கட்டிக்கொள்ளும். ரவிக்கை நனைந்து, ராத்திரி குளிர்காய்ச்சலோடு படுப்பாய். அடிக்கடி வேளை தவறினால் சுரப்பும் குறையும்.

கூனிக்குறுகியதாக எழுதியிருக்கிறாய். பால் ஊறுவது ஒரு வேலை, ஊறிய பால் இறங்குவது இன்னொரு வேலை. இறக்கிவிடுவது ஆக்சிடோசின் என்ற ஹார்மோன். பயந்தாலோ அவமானப்பட்டாலோ அது தடைபடும். மாரில் பால் இருக்கும், பிள்ளை வாய்க்கு வராது. இழுத்து இழுத்துப் பார்த்துவிட்டு அது வீறிடும். பின்சீட்டிலிருந்து வந்த அந்தப் பேச்சு பிள்ளையின் வாயிலிருந்த பாலைத் தடுக்கிற பேச்சு. எனக்குக் கோபம் அதனால்தான்.

நான் வேலை பார்த்த ஊர்களில் புதன்கிழமை தடுப்பூசி. ஊசி போட்ட கையோடு அங்கன்வாடித் திண்ணையிலேயே பால் கொடுக்கச் சொல்வோம். வலி மறந்து பிள்ளை அடங்கிவிடும். சுவரோரம் தாய்மார்கள் முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள். எதிரே பேரனைத் தூக்கி வந்த தாத்தா, அட்டையோடு நிற்கிற அப்பா. மழை, கடலைச் செடி, கூலி என்று பேச்சு பாட்டுக்கு ஓடும். யாரும் யாரையும் முறைத்ததில்லை. காட்டு வேலைக்கு நடுவில் வரப்பில் உட்கார்ந்து கொடுத்தவர்கள்தான் நம் அம்மாக்கள். முகம் சுளிப்பதுதான் புதுப்பழக்கம்.

இன்றைக்கும் கட்டட வேலைக்கு வந்த பெண் மணல் குவியலில் உட்கார்ந்து கொடுத்தால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. சுடிதார் போட்ட பெண் பஸ்ஸில் கொடுத்தால் மட்டும் புத்தி சொல்ல வருகிறார்கள். முதல் பெண்ணிடம் மரியாதை வைத்துச் சும்மா இருக்கிறார்கள் என்றும் நான் நினைக்கவில்லை. அவளை ஒரு பொருட்டாக எண்ணுவதே இல்லை.

அடுத்த முறை ஜன்னலோர சீட்டில் உட்கார். கணவர் பக்கத்தில் இருக்கட்டும். முன்பக்கம் திறக்கிற உடுப்பு வசதி. மெல்லிய பருத்தித் துணியைத் தோளில் போட்டுக்கொள், ஆனால் பிள்ளை முகத்தை மூடி வேர்க்க வைக்காதே. யாராவது கேட்டால், "பிள்ளைக்குப் பசிங்க" என்று உன் கணவரே திரும்பிச் சொல்லட்டும்.

கேள்வி: எதிரில் ஒரு பெண் பால் கொடுத்தால் ஆண்கள் எழுந்து போய்விடுவதுதானே நாகரிகம்?
– ஒரு வாசகர், சேலம்

பதில்: பதறி எழுந்து போனால் அந்தப் பெண்ணுக்குத்தான் கூச்சம். பேசிக்கொண்டிருந்தால் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். இல்லையென்றால் உங்கள் வேலையைப் பாருங்கள். யாராவது செல்போனைத் தூக்கினால் மட்டும் சத்தம் போட்டுக் கேளுங்கள். ஒரு பெண்ணின் மார்பை அவள் சம்மதமில்லாமல் படம் எடுப்பது, பரப்புவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66ஈ பிரிவில் குற்றம். வெளியே தெரியாது என்று அவள் நம்பியிருக்க நியாயம் இருந்தால் போதும், பொது இடம் என்பதால் தப்ப முடியாது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. மகளிர் உதவி எண் 181.

கேள்வி: பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறை இருக்கும்போது வெளியில் ஏன் கொடுக்க வேண்டும்?
– ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: 2015 ஆகஸ்டில், தாய்ப்பால் வாரத்தில், தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களிலும் பணிமனைகளிலும் 352 அறைகளை அப்போதைய முதலமைச்சர் ஜெயலலிதா திறந்துவைத்தார். உள்ளபடியே நல்ல காரியம். தனியாக இருந்தால்தான் பால் இறங்கும் என்கிற பெண்களுக்கு அது பெரிய உதவி. ஆனால் நான் போன ஒரு ஊரில் அறைக்குப் பூட்டு. சாவி யாரிடம் என்று விசாரிப்பதற்குள் வெளியே நின்ற பெண்ணின் பிள்ளை அழுது ஓய்ந்துவிட்டது. திறந்து பார்த்தால் விளக்குமாறும் பினாயில் கேனும், மின்விசிறி ஓடவில்லை.

அறை, விரும்புகிறவளுக்கு. அதைக் காட்டி மற்றவளை உள்ளே தள்ளக் கூடாது. 2018-இல் கொல்கத்தாவில் ஒரு வணிக வளாகத்தில், பால் கொடுக்க இடம் கேட்ட தாயைக் கழிப்பறைக்குப் போகச் சொன்ன செய்தி வந்தது. நாம் யாராவது கழிப்பறையில் உட்கார்ந்து சாப்பிடுவோமா? பொது இடத்தில் பாலூட்டுவதை இழிவாகப் பார்க்கக் கூடாது என்று 2025 பிப்ரவரியில் நீதிபதிகள் நாகரத்னா, வராலே அமர்வில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அறைகள் வேண்டும் என்று கேட்ட வழக்கு அது. அறையும் வேண்டும் என்றார்கள், பெண்களின் கண்ணியத்தைக் குறைக்கும் பழக்கங்களைக் கைவிடுவது குடிமக்களின் கடமை என்று அரசியல் சட்டத்தின் 51ஏ பிரிவையும் நினைவூட்டினார்கள்.

கேள்வி: கோயிலில், கல்யாண வீட்டில் எல்லோர் எதிரிலும் கொடுத்தால் கண்பட்டுப் பால் வற்றிவிடும் என்று சொன்னால் மருமகள் கேட்பதில்லை.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அக்கா, பால் வற்றுவது கொடுக்காமல் விட்டால்தான். பிள்ளை குடிக்கக் குடிக்கத்தான் ஊறும். பேரப்பிள்ளைக்குக் குறை வந்துவிடக் கூடாதே என்ற உங்கள் பதற்றம் புரிகிறது. வேண்டுமானால் திருஷ்டி சுற்றிப் போடுங்கள், யார் தடுத்தார்கள்? பந்தியில் நீங்களே பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்கு ஒரு வாய் ஊட்டிவிடுங்கள். மாமியாரே துணையாக இருக்கிற இடத்தில் வேறு யார் பேச முடியும்?

கேள்வி: பனியன் கம்பெனியில் வேலை. ஏழு மாதப் பிள்ளை வீட்டில். மதியம் மார் கனத்து வலிக்கிறது. கழிப்பறையில் பிழிந்து ஊற்றுகிறேன்.
– ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: படிக்கும்போதே மனசு கனத்துப் போனது அம்மா. பிள்ளைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை, வழக்கமான இடைவேளை போக நாளுக்கு இரண்டு பாலூட்டும் இடைவேளை உன் உரிமை. 1961 மகப்பேறு நலச் சட்டத்திலிருந்து உள்ளது. 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் அப்படியே இருக்கிறது. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்தால் குழந்தைகள் காப்பகம் வைக்க வேண்டும், நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்க உன்னை விட வேண்டும். தனியாகக் கேட்கத் தயங்கினால், உன்னைப் போலப் பிள்ளை பெற்ற மற்ற பெண்களையும் சேர்த்துக்கொண்டு எழுத்தில் கொடு. நகல் ஒன்றைக் கையில் வைத்துக்கொள்.

அதுவரை பாலைக் கொட்டாதே. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கழிப்பறை அல்லாத சுத்தமான இடத்தில், கொதிக்க வைத்த மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவில் பீய்ச்சி உடனே ஃபிரிட்ஜில் வை. நான்கு நாள் வரை தாங்கும். வீட்டுக்கு எடுத்துப் போகும்போது ஐஸ்கட்டி போட்ட பையில் கொண்டுபோ. கொடுக்கும்போது அடுப்பில் வைக்காமல், டப்பாவை வெந்நீரில் நிறுத்திச் சூடாக்கிப் பாலாடையில் புகட்டச் சொல்.