வாசகர் கேள்வி: 12க்கு 12 அறையில தியேட்டர்

கேள்வி: அண்ணன், வீட்டு மேல்மாடியில 12 அடிக்கு 12 அடி அறை ஒண்டை படம் பாக்கிறதுக்கெண்டே ஒதுக்கியிருக்கன். டைல்ஸும் போட்டாச்சு. கடையில 7.1 செட் (ஏழு ஸ்பீக்கரும் ஒரு சப்வூஃபரும்) எடுக்கச் சொல்றாங்க, கனடா மாமா ரிசீவர் (ஸ்பீக்கரெல்லாத்துக்கும் சத்தம் பிரிச்சுக் குடுக்கிற பெட்டி) அனுப்புறன் எண்டுறார். எதை முதல்ல வாங்கிற?
- வாசகர், களுவாஞ்சிக்குடி

பதில்: தம்பி, எதையும் வாங்க முதல் வெறும் அறைக்குள்ள நிண்டு ஒருக்கா கையைத் தட்டிப் பாருங்க. ‘டிங்’ எண்டு சத்தம் திரும்பி வந்தா முதல் செலவு அறைக்குத்தான். டைல்ஸ் நிலம், பூசின சுவர், கண்ணாடி ஜன்னல், நம்மட பக்கம் வீடெல்லாம் இப்பிடித்தானே, அதுக்குள்ள எவ்வளவு விலையான ஸ்பீக்கரைக் கொண்டு வச்சாலும் வசனம் விளங்காது, சண்டை வந்தா காதைப் பிளக்கும், மறுகா ரிமோட்டும் கையுமா இருக்க வேண்டியதுதான். தடிப்பான கார்பெட் போடுங்க, மருதமுனை நெசவுத் துணியில பாரமானதா எடுத்து நல்லா மடிப்பு விழ ஜன்னலுக்கும் பக்கச் சுவருக்கும் தொங்க விடுங்க.

ஆனா திரைச்சீலை பேஸை, அதாவது ‘டும்’ எண்டு வாற அடிச்சத்தத்தைப் பிடிக்காது. உங்கட அறை சதுரம், நீளமும் அகலமும் சேந்து 47 ஹெர்ட்ஸ் (செக்கனுக்கு 47 அதிர்வு) கிட்ட ஒரே பேஸைத் தூக்கும், சுவரோட ஒட்டி இருந்தா அது ஊதிக் கேக்கும், நட்டநடுவில இருந்தா அதே பேஸ் காணாமப் போயிரும். அதனால கதிரையை பின்சுவரில இருந்து 4 அடி முன்னுக்குப் போடுங்க. பேஸை மட்டும் போடுற ஸ்பீக்கரான சப்வூஃபருக்கு இடம் தேட ஒரு வழி இருக்கு: நீங்க இருக்கிற இடத்தில சப்பை வச்சு பேஸ் உள்ள பாட்டொண்டைப் போட்டுட்டு, சுவரோரமா குனிஞ்சு குனிஞ்சு கேட்டுக்கொண்டு போங்க, எங்க பேஸ் சீராக் கேக்குதோ அங்கதான் சப் நிக்கணும். ரிசீவரில கிராஸ்ஓவரை (இதுக்குக் கீழ உள்ள சத்தமெல்லாம் சப்புக்குப் போகும் எண்ட எல்லை) 80 ஹெர்ட்ஸில வச்சுத் தொடங்குங்க.

7.1 வேணாம். பின்னுக்கு 4 அடிதான் இருக்கு, அதுக்குள்ள இன்னும் ரெண்டு ஸ்பீக்கர் வச்சுப் பிரயோசனமில்ல. அந்தக் காசையும் சேத்து 5.1இல (அஞ்சு ஸ்பீக்கரும் ஒரு சப்பும்) முன்னுக்கு வாற மூண்டையும் நல்லதா எடுங்க, அதிலயும் நடுவில வைக்கிற சென்டர்தான் முக்கியம், படத்தில கதைக்கிறது கிட்டத்தட்ட முழுக்க அதாலதான் வரும். மூண்டும் ஒரே கம்பனி, ஒரே சீரிஸா இருக்கட்டும். மிச்சம் ரெண்டு ஸ்பீக்கரான சரவுண்ட் ரெண்டும் காதுக்குக் கொஞ்சம் பின்னுக்கு, காதை விடக் கொஞ்சம் உயரமா.

மாமா விசயம் கவனம். கனடா கரண்ட் 120 வோல்ட், இஞ்ச 230. அங்கத்தய ரிசீவரை நேரா இஞ்ச செருகினா எரிஞ்சு போகும், பெரிய டிரான்ஸ்ஃபோமர் போட்டுத்தான் பாவிக்கணும், அந்தக் கரைச்சல் எதுக்கு? சப்புக்குள்ளயும் கரண்டில ஓடுற ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கிற கருவி) இருக்கிறதால அதுவும் அப்பிடித்தான். கரண்டில செருகாத சாதாரண ஸ்பீக்கருக்கு இந்தப் பிரச்சினையே இல்ல. அதால மாமாக்கிட்ட முன் ஸ்பீக்கர் மூண்டையும் கேளுங்க, ரிசீவரையும் சப்பையும் இஞ்ச வாரண்டியோட எடுங்க.

மழைக்காலத்தில இடி தொடங்க முதலே கழட்டிருங்க, பிளக்கை மட்டும் இழுத்துப் போட்டாக் காணாது, டிஷ் வயரையும் கழட்டுங்க. கடலும் வாவியும் கிட்ட இருக்கிற ஊர், ஸ்பீக்கர் வயரின்ட வெறும் செம்பு உப்புக் காத்துக்குப் பச்சை பிடிக்கும், நுனியில பனானா பிளக் (வயர் நுனிக்குப் போடுற உலோக முனை) இறுக்கிப் போடுங்க.