வியாபாரம் மந்தமானால் கம்பெனிகள் ஏன் முதலில் அனுபவசாலிகளை வீட்டுக்கு அனுப்புகின்றன?

அப்படி ஒரு பட்டியலைத் தயாரித்தவன் நான். அதனால் இதற்குப் பதில் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

அப்போது ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆர்டர் குறைந்ததும், சம்பளச் செலவை உடனே குறைக்கச் சொல்லி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. எக்செல்லில் எல்லோர் சம்பளத்தையும் பெரியதிலிருந்து சிறியதாக வரிசைப்படுத்தினேன். மேலே வந்தவர்கள் எல்லாம் பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்தவர்கள். அவர்களை எடுத்தால் குறைந்த தலைகளிலேயே இலக்கு வந்துவிடும். அப்படித்தான் முடிவானது. அவர்களுக்கு என்னென்ன தெரியும் என்று எழுத அந்தத் தாளில் ஒரு கட்டம்கூட இல்லை.

கணக்கு எழுதும் முறையும் இதற்குத் துணைபோகிறது. சம்பளம், பயிற்சி, பராமரிப்பு எல்லாம் அந்தந்தக் காலாண்டின் செலவு. வெட்டினால் லாபம் உடனே ஏறும். செட்டில்மெண்ட் தொகையை 'ஒருமுறைச் செலவு' என்று தனியே காட்டிவிடலாம். அனுபவம் போன நஷ்டத்துக்கோ தலைப்பே கிடையாது. அது தாமதம், மறுவேலை, வாடிக்கையாளர் புகார் என்று சிதறி, பெரும்பாலும் அடுத்த வருடக் கணக்கில் வந்து உட்காரும். முடிவெடுத்தவர் அதற்குள் வேறு பதவிக்குப் போயிருப்பார். அமெரிக்காவில் நானூறு நிதி அதிகாரிகளிடம் எடுத்து 2005இல் வெளியான ஆய்வு ஒன்றில், காலாண்டு இலக்கை எட்ட ஆராய்ச்சி, விளம்பரம், பராமரிப்புச் செலவுகளைக் குறைப்போம் என்று சுமார் 80 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் கெட்டவர்கள் என்று நான் நினைக்கவில்லை. எதை அளக்கிறார்களோ அதைக் காப்பாற்றுகிறார்கள்.

நான் செய்ததையே பெரிய அளவில் செய்தது சர்க்யூட் சிட்டி என்ற அமெரிக்க மின்னணுப் பொருள் விற்பனை நிறுவனம். சம்பளம் அதிகம் என்ற காரணத்துக்காக 2007 மார்ச்சில் சுமார் 3,400 கடை ஊழியர்களை அனுப்பியது. எந்த டிவி நல்லது என்று வாடிக்கையாளருக்குச் சொல்லத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். 2008 நவம்பரில் திவால் மனு, 2009இல் கடைகள் மூடல். போட்டியும் நிதி நெருக்கடியும் சேர்ந்து அடித்தன என்பது உண்மை. ஆனால் அந்த அடியைத் தாங்க வேண்டிய ஆட்களைத் தானே வெளியேற்றியிருந்தது.

வேறு வழியே இல்லையா என்றால், இருக்கிறது. 1970 மந்தத்தில் ஹியூலெட்-பேக்கார்ட் (HP) என்ற அமெரிக்க மின்னணுக் கருவி நிறுவனம் மேலிருந்து கீழ்வரை எல்லோருக்கும் 10 சதவீதம் சம்பளத்தைக் குறைத்து, இரண்டு வாரத்துக்கு ஒரு நாள் விடுப்பும் கொடுத்தது. சில மாதங்களில் ஆர்டர் திரும்பியபோது வேலை தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். கையில் ரொக்கமே தீர்ந்துவிட்டால் இதுவும் முடியாது, சரி. ஆனால் நான் பட்டியல் போட்டபோது எங்கள் நிறுவனத்தில் ரொக்கம் இருந்தது. அந்தக் காலாண்டின் லாபம்தான் குறைந்திருந்தது.

இப்போது யாராவது இப்படிப் பட்டியல் கேட்டால், சம்பளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு கட்டம் சேர்த்துத்தான் அனுப்புகிறேன்: 'இவர் போனால் இந்த வேலை யாருக்குத் தெரியும்?' அதை நிரப்பப் பிரிவு மேனேஜர்களிடம்தான் போக வேண்டியிருக்கிறது. நிரப்பி முடித்ததும் இரண்டு மூன்று பெயர்களை அவர்களே எடுத்துவிடுகிறார்கள்.