புதுப் போன் வாங்கினால் சரியாகிவிடுமா? வாசகர் கேள்விகளும் என் பதில்களும்

தீபாவளி அட்வான்ஸ் கைக்கு வரும் மாதத்தில் எனக்கு வருகிற கேள்விகளே வேறு மாதிரி இருக்கும். மற்ற நாட்களில் "இதை எப்படிச் சரிசெய்வது" என்று கேட்கிறவர்கள் அந்த மாதம் "எந்தப் போன் வாங்கலாம்" என்று கேட்பார்கள். புதுப் போன் விற்றால் எனக்கும் நாலு காசு வரும்தான். ஆனாலும் போன் கழற்றிப் பூட்டுகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், இந்தத் தடவை வந்த கேள்விகளில் ஒன்றே ஒன்றுக்குத்தான் "வாங்குங்கள்" என்று பதில் எழுதியிருக்கிறேன். அது எது என்று நீங்களே பாருங்கள்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: மூன்று வருடப் போன். கீபோர்ட் திடீரென்று மறைகிறது, வட்ஸ்அப் தானாக மூடிக்கொள்கிறது, சில நேரம் அப்படியே ஹேங் ஆகி நிற்கிறது. கொழும்பில் வேலை செய்யும் மகன் "வேற வாங்குங்கப்பா" என்கிறான். வாங்கட்டுமா?

இப்போதைக்கு வேண்டாம் அண்ணா. முதலில் செட்டிங்ஸில் போய் ஸ்டோரேஜ் எவ்வளவு மிச்சம் என்று பாருங்கள். உங்கள் வயதுக்காரர்கள் கொண்டு வரும் போன்களில் நான் திறந்து பார்க்கும்போது பெரும்பாலும் அங்கேதான் சிவப்புக் கோடு நிற்கும்: காலை வணக்கப் படங்கள், தேர்த் திருவிழா வீடியோக்கள், ஒரே வீடியோ நாலு குரூப்பிலிருந்து நாலு தடவை. போனின் மெமரியில் புதிதாக ஒன்றை எழுத, முதலில் காலி இடத்தைத் தேடி, துடைத்து, பிறகுதான் எழுத முடியும். இடம் நிரம்பி வழிந்தால் அந்தத் தேடலிலேயே போன் களைத்துப் போகும். மொத்த இடத்தில் பத்தில் ஒரு பங்காவது சும்மா கிடக்க வேண்டும். வட்ஸ்அப்பின் செட்டிங்ஸிலேயே எந்தக் குரூப் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று காட்டும் பகுதி இருக்கிறது, பெரியவற்றிலிருந்து அழியுங்கள், தானாக இறங்கும் வசதியையும் நிறுத்துங்கள்.

அதற்குப் பிறகும் அடம் பிடித்தால் சேஃப் மோட். பவர் ஆஃப் என்று வரும் எழுத்தைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் பல போன்களில் கேட்கும், சிலவற்றில் போன் ஆன் ஆகும்போது சத்தம் குறைக்கும் பட்டனைப் பிடித்திருக்க வேண்டும். அந்த நிலையில் நீங்கள் போட்ட ஆப்கள் எதுவும் ஓடாது, போனோடு வந்தவை மட்டும் ஓடும். ஒரு நாள் அப்படியே வைத்திருங்கள். கீபோர்ட் ஒழுங்காக இருந்தால் குற்றவாளி நீங்கள் போட்ட ஏதோ ஒரு ஆப்தான், போனைத் திட்டிப் பயனில்லை.

சில நேரம் குற்றம் உங்களுடையதும் இல்லை, போனுடையதும் இல்லை. 2021 மார்ச்சில், ஆப்களுக்குள்ளேயே இணையப் பக்கங்களைக் காட்டும் ஆண்ட்ராய்டு சிஸ்டம் வெப்வியூ என்ற ஒரு சின்ன மென்பொருள் துண்டுக்கு வந்த அப்டேட் கெட்டுப்போய், ஜிமெயில் உட்பட ஏராளமான ஆப்கள் திறந்தவுடன் மூடிக்கொண்டன. கூகிளே சரியான அப்டேட்டை அனுப்பியதும் எல்லாம் பழையபடி ஆனது. அவசரப்பட்டு அன்றைக்கே புதுப் போன் வாங்கியவர் யாராவது இருந்தால், அந்தப் புதுப் போனிலும் அதே துண்டு இருந்திருக்கும்.

பண்டாரவளை வாசகி: போன மாதம்தான் புதுப் போன் வாங்கினேன். பழையதில் வந்த அதே விளம்பரங்கள், திரையைத் திறந்தாலே இதிலும் குதிக்கின்றன. கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை தங்கச்சி, நீங்களே கையைப் பிடித்துக் கூட்டி வந்திருக்கிறீர்கள். பழைய போனிலிருந்து எல்லாவற்றையும் அப்படியே மாற்றினீர்கள்தானே? பழைய லயத்திலிருந்து புது வீட்டுக்கு மூட்டையைப் பிரிக்காமல் தூக்கிப் போனால் மூட்டைப்பூச்சியும் கூடவே வரும்.

எனக்கும் இது நடந்தது, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் என் சொந்தப் போன் ஓயாமல் சூடாகி ஹேங் ஆனது. தொழில்காரன் என்ற திமிரில் சோதித்துக்கூடப் பார்க்காமல் புதிது வாங்கி, பேக்கப்பை அப்படியே இறக்கினேன். மூன்றாம் நாள் அதே சூடு. கடைசியில் பார்த்தால், போனைச் சுத்தம் செய்கிறேன் என்று சொல்லி நான் எப்போதோ போட்ட ஒரு கிளீனர் ஆப், பின்னால் இரவு பகலாக ஓடிக்கொண்டிருந்தது. போனை வேகமாக்கும், குளிர வைக்கும் என்று சொல்லி வருகிற ஆப்களில் ஒன்றுகூடத் தேவையில்லை, அந்த வேலையை ஆண்ட்ராய்டே செய்துகொள்ளும்.

உங்களுக்கு வழி: செட்டிங்ஸில் "மற்ற ஆப்களின் மேல் தோன்ற" அனுமதி பெற்றவை எவை என்று ஒரு பட்டியல் இருக்கும். டார்ச், கியூஆர் ஸ்கேனர், வால்பேப்பர் மாதிரியான ஆப் ஏதாவது அதில் இருந்தால் அதுதான். விளம்பரம் குதித்தவுடன், கடைசியாக ஓடிய ஆப்கள் எவை என்று பார்த்தாலும் கள்ளன் மேலேயே நிற்பான். அழித்துவிடுங்கள், போனைத் திருப்பிக் கொடுக்க ஓட வேண்டாம்.

கந்தப்பளை: விடியற்காலை வேலைக்குப் போகும்போது 25 சதவீதம் காட்டும், படக்கென்று அணைந்துவிடும். வீட்டுக்கு வந்து போட்டால் 20 என்று காட்டுகிறது. சாஃப்ட்வேர் போய்விட்டது என்று கடையில் சொன்னார்கள்.

சாஃப்ட்வேர் இல்லை, பேட்டரியும் குளிரும் சேர்ந்து செய்கிற வேலை. நுவரெலியா டவுனே 1,868 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உங்கள் பக்கத்து ஜனவரி விடியல் எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. லித்தியம் பேட்டரி குளிரில் உள்ளே இறுகிக்கொள்ளும், அதாவது அதன் உள் எதிர்ப்பு கூடும், கேட்ட வேகத்தில் கரண்டைக் கொடுக்க முடியாது, வோல்டேஜ் சட்டென்று விழும், போன் பயந்து அணைந்துவிடும். புது பேட்டரி இதைத் தாங்கும், பழசு தாங்காது. ஏறக்குறைய 500 முழுச் சார்ஜுக்குப் பிறகு பேட்டரி தன் பலத்தில் ஐந்தில் ஒரு பங்கை இழந்துவிடும் என்பது பொதுவான கணக்கு. தினம் ஒரு சார்ஜ் என்றால் ஒன்றரை வருடம்.

பேட்டரியின் குற்றம் சாஃப்ட்வேரின் தலையில் விழுவது உலகம் முழுக்க நடந்ததுதான். 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணையாமல் இருக்கத் தாங்களே சாஃப்ட்வேர் மூலம் வேகத்தைக் குறைத்ததாக ஒப்புக்கொண்டது. எதிர்ப்பு கிளம்பியதும் பேட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டொலரிலிருந்து 29 டொலராக இறக்கியது. மெதுவான போன் என்று நினைத்துப் புதிது வாங்கியவர்கள் எத்தனையோ பேர், பேட்டரி மட்டும் மாற்றியிருந்தால் போதும்.

நீங்களும் அதையே செய்யுங்கள், நல்ல பேட்டரியாகப் பார்த்து. அதுவரைக்கும் போனை வெளிப்பையில் வைக்காமல் ஸ்வெட்டருக்கு உள்ளே உடம்புச் சூட்டில் வையுங்கள். அடுப்புத் திட்டில் வைத்துச் சூடு காட்டாதீர்கள், ஈரம் வேர்த்து உள்ளே இறங்கும். பின்மூடி உப்பியிருந்தால் மட்டும் ஒரு நாளும் தாமதிக்காமல் கொண்டு போங்கள், அமுக்கிப் பார்க்க வேண்டாம்.

ராகலை: நேற்று பெரிய அப்டேட் போட்டேன். சூடாகிறது, சார்ஜ் ஓடுகிறது.

இரண்டு நாள் பொறுங்கள். உள்ளே எல்லா ஆப்பையும் புதிதாக அடுக்கிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் போயும் அப்படியே இருந்தால் எழுதுங்கள்.

பொகவந்தலாவை: எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்தால் சரியாகும் என்கிறார்கள். ஆனால் ஜிமெயில் பாஸ்வேர்ட் தெரியாது, ரீலோட் கடைத் தம்பிதான் போட்டுக் கொடுத்தான்.

அப்படியானால் கையை எடுங்கள், ரீசெட் பக்கமே போகாதீர்கள். நம் பக்கம் போன்களில் இதைவிடப் பெரிய வியாதி எனக்குத் தெரியாது. வாங்கிய அன்று கடையில் நிற்கிற பையன் அவசரத்தில் ஏதோ ஒரு பெயரில் ஒரு ஜிமெயில் திறந்து, தன் மனதுக்கு வந்த பாஸ்வேர்டைப் போட்டு, சில நேரம் கடை நம்பரையே கொடுத்துப் போனைக் கையில் தருவான். மூன்று வருடம் யாருக்கும் அது நினைவுக்கு வராது. ஆண்ட்ராய்டு 5.1 வந்த 2015 முதல், வெளியிலிருந்து பட்டன்களை அழுத்தி ரீசெட் செய்த போன், முன்பு அதில் இருந்த கூகிள் கணக்கையோ பழைய ஸ்கிரீன் லாக்கையோ கேட்காமல் திறக்காது. திருடனுக்குப் போட்ட பூட்டு, மாட்டிக்கொள்வது சொந்தக்காரர்.

போன் இன்னும் திறக்கிற நிலையில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். இன்றைக்கே கூகிள் கணக்கின் செட்டிங்ஸில் போய்ப் பாஸ்வேர்ட் மாற்றப் பாருங்கள். பழைய பாஸ்வேர்ட் கேட்டால் மறந்துவிட்டது என்று கொடுங்கள், அந்தப் போனின் ஸ்கிரீன் லாக்கை வைத்தே பல நேரம் புதிதாக வைக்க விடும். மீட்பு நம்பராக உங்கள் சிம் நம்பரைப் போடுங்கள். பாஸ்வேர்டைப் பிள்ளையின் அப்பியாசக் கொப்பியில் எழுதாமல், அடையாள அட்டை இருக்கிற இடத்தில் எழுதி வையுங்கள். பிறகு வட்ஸ்அப் பேக்கப் அந்தக் கணக்குக்குத்தான் போகிறதா, எந்தத் தேதியில் கடைசியாகப் போனது என்று பாருங்கள். 2024 முதல் அந்தப் பேக்கப்பும் கூகிள் இலவசமாகத் தருகிற 15 ஜிபிக்குள் எண்ணப்படுகிறது, அது நிறைந்திருந்தால் பேக்கப் சத்தமில்லாமல் நின்றுபோயிருக்கும். இதெல்லாம் முடிந்த பிறகு, செட்டிங்ஸின் உள்ளே போய் ரீசெட் செய்யுங்கள். ஆப்களை ஒவ்வொன்றாக, தேவையானதை மட்டும் போடுங்கள்.

ரீசெட் செய்து ஒரு ஆப்கூடப் போடாத நிலையிலும் ஹேங் ஆனால், அது உள்ளே இருக்கிற சாமானின் கோளாறு. எந்த அப்டேட்டும் அதைத் தீர்க்காது.

ஹட்டன் ஆசிரியை: பள்ளிக்கூடக் குரூப்பில் வரும் சுற்றறிக்கைகள் என் போனில் மட்டும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகக் கிறுக்கல் போலத் தெரிகின்றன. போன் தமிழை ஆதரிக்கவில்லையா?

டீச்சர், உங்கள் போன் தமிழை நன்றாகவே ஆதரிக்கிறது. இந்தக் கேள்வியை நீங்கள் தமிழில்தானே அடித்தீர்கள்! அனுப்புகிறவர் பாமினி எழுத்துருவில் அடித்திருக்கிறார். பாமினியில் தமிழ் எழுத்துகள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் வேஷம் போட்டு உட்கார்ந்திருக்கும். அந்த எழுத்துரு இல்லாத எந்த மெஷினிலும் வேஷம் கலைந்துவிடும், லட்ச ரூபாய்ப் போனிலும் அப்படித்தான். எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் 1991 இலேயே தமிழுக்குத் தனி இடம் கிடைத்துவிட்டது, நம் அலுவலகங்களில் பாமினியை விட இன்னும் மனம் வரவில்லை. பிடிஎஃப் ஆக்கி அனுப்பச் சொல்லுங்கள், அதற்குள் எழுத்துருவும் சேர்ந்தே வரும். அல்லது பாமினியை யூனிகோடாக மாற்றும் பக்கங்கள் இருக்கின்றன, ஒட்டினால் மாற்றிக் கொடுக்கும்.

அப்புத்தளை: சார்ஜில் போட்டால் மட்டும் டச் பைத்தியம் பிடித்த மாதிரி தானாக அழுத்துகிறது.

சார்ஜரை மாற்றுங்கள். மலிவுச் சார்ஜரின் மின் இரைச்சல் டச்சைக் குழப்புகிறது.

லிந்துல: ஆண்ட்ராய்டு 8, மெமரி 16 ஜிபி. பேங்க் ஆப் "இந்தப் போனில் இயங்காது" என்கிறது, அப்டேட் வந்தே பல வருடம். இதையும் சரிசெய்யலாம் என்பீர்களா?

மாட்டேன். வாங்குங்கள். ஆண்ட்ராய்டு 8 வந்தது 2017 இல், அதற்குப் பாதுகாப்பு அப்டேட் இனி வரப்போவதில்லை, 16 ஜிபியில் போனின் சொந்தச் சாமானே பாதியைப் பிடித்துவிடும். பணம் அனுப்புகிற போன் அப்படி இருக்கக் கூடாது.

ஆனால் கணக்கோடு வாங்குங்கள். தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களுக்கு 2024 இல் அறிவித்த 1,350 ரூபாய் அடிப்படை நாள் சம்பளத்தில் பார்த்தால் 45,000 ரூபாய்ப் போன் என்பது 33 நாள் பேர், அதாவது 33 நாள் வேலைக்கும் மேல். அவ்வளவு கொழுந்தையும் கொடுத்து வாங்குகிற சாமானுக்குக் கமரா எத்தனை மெகாபிக்சல் என்று கேட்பதைவிட, எத்தனை வருடம் அப்டேட் தருவார்கள் என்று கேளுங்கள். கூகிள் பிக்சல் 8 க்கும் சாம்சங் எஸ்24 க்கும் ஏழு வருடம் என்று அந்தந்த நிறுவனங்களே சொல்லியிருக்கின்றன. அவை நம் பைக்கு எட்டாது, சரி, ஆனால் குறைந்த விலைப் போன்களுக்கும் வருடக் கணக்கு உண்டு. கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் நிறுவனத்தின் பக்கத்தில் பாருங்கள். 128 ஜிபிக்குக் கீழே வாங்காதீர்கள். ரேம், அதாவது ஆப்கள் ஓடும்போது பயன்படும் தற்காலிக நினைவகம், 4 கூட்டல் 4 என்று பெட்டியில் எழுதியிருந்தால் உண்மையான ரேம் நாலுதான், மற்ற நாலு மெமரியிலிருந்து கடன்.

பணம் கொடுக்கும் முன் *#06# அடித்து வருகிற ஐஎம்இஐ நம்பர், அதாவது போனின் தனி அடையாள நம்பர், பெட்டியில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்புறம் ஆங்கிலத்தில் IMEI என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு, அந்த 15 இலக்கத்தையும் போட்டு 1909 க்கு மெசேஜ் அனுப்புங்கள். தொலைத்தொடர்பு ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவில் பதிந்த போனா இல்லையா என்று பதில் வரும். பதியாத போன் விலை குறைவாக இருக்கும், நாளைக்கு சிம் வேலை செய்யாமல் போனால் யாரிடம் போய் அழுவது? கூகிள் கணக்கை நீங்களே திறங்கள், பொகவந்தலாவைக்காரருக்கு எழுதியதை ஒரு தடவை வாசித்துவிட்டு.

தலவாக்கலை: கட்டாரில் இருக்கும் தம்பியோடு வீடியோ கோலில் பேசினால் அம்மாவின் குரல் அவனுக்குக் கேட்பதில்லை. சாதாரண கோல் நன்றாகக் கேட்கிறது. அம்மாவுக்குப் புதுப் போன் அனுப்பப் போகிறேன் என்கிறான்.

அனுப்பட்டும், அம்மாவுக்குச் சந்தோஷம்தான், ஆனால் இந்தக் காரணத்துக்காக வேண்டாம். பல போன்களில் மைக் இரண்டு இருக்கும். காதில் வைத்துப் பேசும்போது கீழே உள்ளது, வீடியோவில் பேசும்போது மேலே உள்ளது. மேலே இருக்கிற சின்ன ஓட்டையைப் போன் கவர் மூடியிருக்கிறதா பாருங்கள். கவரைக் கழற்றி ஒரு வீடியோ எடுத்து, அதில் குரல் விழுகிறதா என்று கேளுங்கள். விழுந்தால், நீங்கள் வீடியோ கோல் பேசுகிற ஆப்புக்கு மைக் அனுமதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டு கவரை மாற்றுங்கள். விழாவிட்டால் ஓட்டையில் அடுப்புக் கரியும் மாவும் அடைத்திருக்கும், காய்ந்த பழைய டூத் பிரஷால் மெதுவாகத் தட்டி எடுங்கள். ஊசியை மட்டும் விடாதீர்கள், போன வாரம்கூட ஊசியால் குத்தி மைக்கை ஓட்டை போட்டு ஒருவர் கொண்டு வந்தார்.